அறுபத்து நான்கு கட்டங்கள்

மெர்கோங் தொழிற்பேட்டையைத் தாண்டி வயல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு வீடமைப்புப் பகுதி இருக்கிறது. அங்குள்ள ஒரு வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பழைய கைலி சுற்றிய பொருள் ஒன்று பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதைத் தூக்கிப் போடலாமா என்ற பேச்சு எழும். ஆனால், ஒவ்வொரு முறையும் தூசி துடைக்கப்பட்டு அது பழைய இடத்துக்கே போய்விடும். முன்பக்கம் சரிந்து, ரொட்டியைப் போலத் தடித்த பழுப்பு நிறப் பெட்டி அது. மேலே எழுத்து விசைகள் உண்டு, திரை கிடையாது. வீட்டுக்கு வரும் சிறுவர்கள் அதைத் தட்டச்சு இயந்திரம் என்றே நினைப்பார்கள். அது கொமடோர் 64 என்னும் கணினி.

அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த கணினி அது. அதன் நினைவகத்தின் அளவு 64 கிலோபைட். அந்த 64தான் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட அதற்குள் அடைக்க முடியாது.

வீட்டுக்காரர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அந்தக் கணினி வீட்டுக்கு வந்தபோது அவர் படிவம் இரண்டில் படித்துக்கொண்டிருந்தார். ஆண்டு 1987. அவருடைய சின்னம்மா அப்போது பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்தார். 1972ஆம் ஆண்டு முதல் அங்கு மின்னணுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அமைத்ததும் அங்கேதான். கெடாவின் தோட்டப்புறங்களிலிருந்து எத்தனையோ இளம்பெண்கள் அங்கு வேலைக்குப் போனார்கள். தாயார் பால்மரம் வெட்டிய கைகளோடு லயத்தில் இருக்க, மகள் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைத்துக்கொண்டிருப்பாள். ஒரே தலைமுறையில் ஏற்பட்ட மாற்றம் அது. வரலாற்றுப் பாடத்தில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

ஊருக்குத் திரும்பிச் செல்லவிருந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் தம் பழைய கணினியை விற்றார். சின்னம்மா அதை 300 வெள்ளிக்கு வாங்கினார். மிகைநேர வேலைப் பணம் அதில் போனது. பேருந்தில் மடிமீது வைத்துக்கொண்டே அலோர் ஸ்டார் வரை வந்தாராம். வந்த அன்றே அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே கறுப்புக் கரப்பான்களைப் போலச் சில்லுகள் வரிசையாக இருந்தன. ஓரிரண்டின் முதுகில் 'மலேசியா' என்று அச்சிடப்பட்டிருந்தது.

"பாத்தியா தம்பி, இது நம்ம ஊருக்குத்தான் திரும்பி வந்திருக்கு" என்றார் சின்னம்மா.

திரை இல்லாத கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் இணைக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரே தொலைக்காட்சி. தமிழ்ச் செய்தி நேரத்தில் அப்பாவும், தமிழ்ப்படம் ஒளியேறும் நாளில் முழுக் குடும்பமும் அதன் முன் உட்கார்ந்துவிடுவார்கள். எனவே அவனுக்குக் கிடைத்தது பள்ளி விட்டு வந்ததிலிருந்து மாலை வரையிலான நேரம் மட்டுமே. பொத்தானை அழுத்தினால் நீலத் திரை தோன்றும். 38911 பைட் காலியாக இருக்கிறது என்று அறிவிக்கும். அதன் கீழே 'ரெடி' என்ற சொல். அதற்கும் கீழே ஒரு சதுரம் மின்னி மின்னி மறையும். அவ்வளவுதான். தொட்டுத் திறக்கப் படங்கள் இல்லை. விளையாட்டு வேண்டுமென்றால் ஒலிநாடாவிலிருந்து ஏற்ற வேண்டும், அல்லது நாமே நிரல் எழுத வேண்டும். நாம் ஏதாவது சொல்லும்வரை அது காத்துக்கொண்டே இருக்கும்.

பள்ளியிலும் கணினி இருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டிய பணத்தில் ஐந்து கணினிகள் வாங்கப்பட்டிருந்தன. கணினிக் கழகத்தில் நாற்பது மாணவர்கள். குளிர்சாதனம் பொருத்தப்பட்ட ஒரே அறை அதுதான். ஆகவே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, இருவருக்கு ஒரு கணினி, அரை மணி நேரம். அந்த அரை மணிக்காக மாணவர்கள் வாரம் முழுவதும் பயிற்சிப் புத்தகத்தில் பென்சிலால் நிரல் எழுதுவார்கள். ஒரு காற்புள்ளி தவறினாலும் நிரல் நின்றுவிடும் என்பதால், எழுதியதை ஒருவருக்கொருவர் மாற்றித் திருத்திக்கொள்வார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு முடித்து வந்த அவனுக்கு மலாய்மொழியில் பேசக் கூச்சம். நிரல் திருத்தக் கூச்சம் தேவைப்படவில்லை. அந்த அறையில்தான் அவனுக்கு முதல் மலாய் நண்பனும் முதல் சீன நண்பனும் கிடைத்தார்கள்.

வீட்டில் அந்தக் கணினியைச் சந்தேகத்தோடு பார்த்தவர் பாட்டி ஒருவர்தான். பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் மெர்கோங்குக்கு வந்த பிறகும் போகவில்லை; நாலு மணிக்கே எழுந்து கோப்பி கலக்கிவிடுவார். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார். ஒரு மாலை, பேரனின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார்.

"ஏய்யா, இதுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது பாட்டி. இங்கிலீஷ் மட்டுந்தான்."

"முந்நூறு வெள்ளி குடுத்து வாங்குனது. தமிழ் தெரியாதா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. அடுத்த நாள் அவன் பள்ளியிலிருந்து வரும் வழியில் பெக்கான் ராபுவில் இறங்கி, கட்டம் போட்ட வரைபடத் தாள் ஒரு கட்டு வாங்கினான்.

கொமடோர் 64இன் திரை நாற்பது பத்திகளும் இருபத்தைந்து வரிகளும் கொண்டது. மொத்தம் ஆயிரம் இடங்கள். ஒவ்வோர் இடமும் எட்டுக்கு எட்டு என அறுபத்து நான்கு சிறு புள்ளிகளால் ஆனது. எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்பதை எண்களாகச் சொன்னால் கணினி அந்த வடிவத்தைக் காட்டும். ஒரு வரியில் உள்ள எட்டுப் புள்ளிகளுக்கும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. எரிய வேண்டிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிக்குரிய எண் கிடைக்கும். இது கையேட்டின் பின்பகுதியில் இருந்தது. வகுப்பில் யாரும் அந்தப் பக்கம் வரை போனதில்லை.

அவன் 'ட'வில் தொடங்கினான். தமிழில் அதைவிட எளிய எழுத்து எது? ஒரு கோடு கீழே இறங்கி வலப்பக்கம் திரும்புகிறது. முதல் ஆறு வரிக்கும் 64. ஏழாம் வரிக்கு 64, 32, 16, 8, 4, 2 எல்லாம் சேர்ந்து 126. எட்டாம் வரி காலி, சுழியம். எண்களைத் தட்டிப் பொத்தானை அழுத்தியதும் நீலத் திரையில் 'ட' நின்றது. வலப்பக்கமும் ஒரு கோடு ஏற்றினால் 'ப'. ஆறு வரிக்கும் 66, பிறகு 126. இரண்டு எழுத்துகள் ஒரே மாலையில் வந்துவிட்டன. இந்த வேகத்தில் போனால் ஒரு மாதத்தில் அரிச்சுவடி முடிந்துவிடும் என்று நினைத்தான்.

'ஞ' அவனைத் தடுத்தது. 'ஐ'யும் 'ணை'யும் அதைவிடக் கடினம். அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் ஆங்கில எழுத்து தாராளமாக உட்காரும். தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு அது போதவில்லை. இரண்டு மூன்று இடங்களைச் சேர்த்துப் பார்த்தான். பிறகு, எல்லா எழுத்துகளும் வேண்டாம், ஒரே ஒரு சொல் போதும் என்று முடிவு செய்தான். 'பாட்டி' என்ற சொல்லுக்கு நான்கு வடிவங்கள் போதும்: ப, துணைக்கால், புள்ளி வைத்த ட், டி. அதில் 'டி'யின் கொக்கி மட்டும் மூன்று மாலைகளைத் தின்றது.

வடிவம் தயார். அதை வைக்க இடம் வேண்டுமே? கணினியில் ஏற்கெனவே உள்ள குறிகளில் நான்கை அழித்துவிட்டுத்தான் அங்கே தமிழை வைக்க முடியும். அவன் அதிகம் பயன்படாத நான்கு குறிகளைத் தேர்ந்தெடுத்தான். பவுண்டுக் குறி இருந்த இடத்தில் 'ப'. இடப்பக்க அம்புக்குறி இருந்த இடத்தில் துணைக்கால். மேல்நோக்கிய அம்புக்குறி இருந்த இடத்தில் 'ட்'. இன்று மின்னஞ்சல் முகவரிகளின் நடுவே வருகிறதே, அந்தச் சுழிக்குறி இருந்த இடத்தில் 'டி'.

சமையலறையிலிருந்து பாட்டியைக் கூப்பிட்டான். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தவர் திரையை நெருங்கி நின்று, "பா... ட்... டி" என்று எழுத்துக்கூட்டினார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அன்றிரவு அவனுடைய தட்டில் ஒரு முட்டைப்பொரியல் அதிகமாக இருந்தது.

நிரலைச் சேமிக்க வெற்று ஒலிநாடா இல்லை. அக்காலக் கணினி சாதாரணப் பாட்டு நாடாவிலேயே நிரலைப் பதிவு செய்யும். அப்பாவின் நாடாக்களில் ஒன்றை எடுத்து அதன் மேலேயே பதிந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அதை வானொலிப் பெட்டியில் போட்டார். சௌந்தரராஜன் குரல் வர வேண்டிய இடத்தில் கீச்சென்ற அலறல் வந்தது. அந்தப் பகுதியை ஆசிரியர் இப்போதும் சுருக்கமாகத்தான் சொல்வார்.

நாடாவில் இரண்டு பதிவுகள் இருந்தன. முதல் பதிவு எழுத்து வடிவங்களை ஏற்றும். இரண்டாவது பதிவு சொல்லைத் திரையில் காட்டும். சில மாதங்கள் கழித்து முதல் பதிவு கெட்டுப்போனது. இரண்டாவதை மட்டும் ஓட்டியபோது, திரையில் ஒரு பவுண்டுக் குறியும் இரண்டு அம்புகளும் ஒரு சுழிக்குறியும் வந்து நின்றன.

"என்னை மறந்துருச்சாய்யா?" என்றார் பாட்டி.

மறக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். கணினிக்குள் எழுத்தே கிடையாது. எண் மட்டுமே உண்டு. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பது தனியாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஏற்பாடு தொலைந்தால் எண் இருந்தும் பயனில்லை. பதினைந்து வயதில் அவன் அதைப் புரிந்துகொண்டான். ஆனால் அது தனக்கு மீண்டும் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அதே காலத்தில் வேறு இடங்களில் பெரியவர்கள் இதே வேலையைப் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தார்கள். கனடாவில் முனைவர் கு. சீனிவாசன் 'ஆதமி' என்னும் தமிழ் மென்பொருளை 1984ஆம் ஆண்டு உருவாக்கினார். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி 'முரசு அஞ்சல்' மென்பொருளாக வளர்ந்து, தொண்ணூறுகளில் தமிழர் வாழும் நாடுகள் பலவற்றுக்கும் சென்றது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உழைத்தார், 1995ஆம் ஆண்டு அங்கிருந்து தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. மெர்கோங் சிறுவனுக்கு அப்போது இவர்களில் யாரையும் தெரியாது.

1996ஆம் ஆண்டு அவர் ஆசிரியராகி, விண்டோஸ் கணினி ஒன்றை வாங்கினார். அதில் தமிழ் அழகாக வந்தது. 'ஞ'வும் 'ணை'யும்கூடச் சுழி பிசகாமல் வந்தன. அப்போது பாட்டிக்கு எழுபதைத் தாண்டிய வயது. சனிக்கிழமைகளில் பாட்டி சொல்ல, அவர் தட்டச்சு செய்தார். தோட்டத்துக் கதைகள், ஆயாக் கொட்டகை, வெள்ளம். நடுவே ஜப்பானியர் காலம் வந்தது. பாட்டியின் அண்ணனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோன கதை அது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் வேலை செய்ய மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. பாட்டியின் அண்ணனும் திரும்பவில்லை. அவருக்குப் புகைப்படம் இல்லை, கடிதம் இல்லை. அவர் வாழ்ந்ததற்கு இருந்த ஒரே எழுத்து, பேரன் தட்டச்சு செய்த அந்தப் பதின்மூன்று பக்கங்கள்தாம்.

வடக்கே போகும் ரயிலின் ஓசை கேட்டால் பாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். ஓசை அடங்கிய பிறகே தொடர்வார். இடையில் திரையைப் பார்த்து, "இப்பத்தான் நல்லாப் படிச்சிருக்கு" என்று கணினியைப் பாராட்டுவார். 1998ஆம் ஆண்டு பாட்டி காலமானார். நெகிழ்வட்டு ஒன்றில் 'பாட்டி சொன்னது' என்று பெயர் எழுதி மேசை அறைக்குள் வைத்தார் பேரன். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தோம் என்பதை எழுத அவருக்குத் தோன்றவில்லை. நண்பர் ஒருவர் எப்போதோ கொடுத்த எழுத்துரு அது.

அந்நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. மெர்கோங் சிறுவன் நான்கு குறிகளை அழித்துத் தமிழை வைத்ததுபோல, அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட குறிகளின் இடத்தில் தமிழை வைத்தார்கள். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் வேறோர் எழுத்தை வைத்தார். ஒருவர் அனுப்பியது மற்றவருக்குப் புரியாது. இதைச் சரிசெய்யவே 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் 1999ஆம் ஆண்டு சென்னையிலும் மாநாடுகள் கூடின. பின்னர் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு முறை நிலைபெற்றது. அதில் 'ட'வின் எண் 2975. 'ப'வின் எண் 2986. எந்த நாட்டில், எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் இதுவே.

2011ஆம் ஆண்டு ஆசிரியர் அந்த நெகிழ்வட்டை எடுத்தார். அதைப் படிக்கும் கருவியையே இரவல் வாங்க வேண்டியிருந்தது. கோப்பு திறந்தது. திரை முழுவதும் கொக்கி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் பணக்குறிகளும் கலந்து கிடந்தன. எழுத்துரு மாற்றும் மென்பொருள்கள் சிலவற்றில் போட்டுப் பார்த்தார். குப்பை வேறு குப்பையானது. பழைய கணினி வழியே கேட்ட கேள்வி அவருக்கு மறுபடியும் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கு வழி தெரிந்தது. கோப்பின் முதல் சொல் என்னவென்று அவருக்குத் தெரியுமே! 'பாட்டி'. முதலில் இருந்த நான்கு குறிகளையும் பார்த்தார். ப, துணைக்கால், ட், டி. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் வரைபடத் தாளில் பிரித்த அதே நான்கு.

மறுபடியும் வரைபடத் தாள் வாங்கினார். ஒரு பத்தியில் குப்பைக் குறி, எதிரே தமிழ் எழுத்து. நான்கு தெரிந்ததும் அவை வரும் சொற்களையெல்லாம் தேடினார். துணைக்காலும் 'ட்'டும் தெரிந்தால் 'தோட்டம்' பாதி தெரியும். 'தோட்டம்' தெரிந்தால் 'த'வும் 'ம்'மும் கிடைக்கும். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறிகள் இருக்கும்; 'தோ'வுக்கு முதலில் கொம்பு, பிறகு 'த', பிறகு கால். யூனிகோட்டில் மெய்க்கு உரிய எழுத்து முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். ஒவ்வொரு கொம்பையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறை முழுவதும் அதில் போனது. பாட்டியின் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பல இடங்களில் சொல் முடிவதற்கு முன்பே அவருக்கு அது கேட்டுவிட்டது.

பதினொரு பக்கங்கள் மீண்டன. வட்டின் ஒரு பகுதி பழுதாகியிருந்ததால், நடுவே இரண்டு பக்கங்கள் எந்தக் கருவிக்கும் அகப்படவில்லை. கிடைத்த பகுதி, அண்ணன் ரயில் ஏறிய நாளின் காலையில் நின்றுவிடுகிறது. மறுபடி தொடங்கும்போது போர் முடிந்து, தோட்டத்தில் பால்மரம் வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு பக்கங்களில் என்ன இருந்தது என்று ஆசிரியருக்கு முழுமையாக நினைவில்லை. தட்டச்சு செய்தவர் அவர்தான். கணினியில் இருக்கிறதே என்ற துணிச்சலில் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

பழைய கணினிக் காலத்தை அவர் பொற்காலம் என்று புகழ்வதில்லை. நாடாவிலிருந்து நிரல் ஏறுவதற்குள் கோப்பி ஆறிவிடும். பாதி நாள் ஏறவே ஏறாது. மின்தடை வந்தால் அன்றைய உழைப்பு போனது. இன்றைய மாணவர்கள் அதற்காக ஏங்க வேண்டியதில்லை என்பார். ஆனாலும் கைலி சுற்றிய அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிப்போட விடமாட்டார்.

அவருடைய மகள் இப்போது படிவம் இரண்டு. மீட்ட பக்கங்களைப் புதிய கோப்பில் ஒழுங்குபடுத்தியவள் அவள்தான். காணாமற்போன இடத்தில் இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறாள். சென்ற தீபாவளிக்குப் பீடோங்கிலிருந்து உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வந்தார். பாட்டியோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். பலகாரத் தட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்த மகள், பாட்டியின் அண்ணன் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றித் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியாம என்ன? நான் அப்பப் பொறக்கவே இல்ல. ஆனா உங்க பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அன்னிக்கு அவரு என்ன சட்டை போட்டிருந்தாருன்னுகூடச் சொல்லுவேன்."

மகள் கைப்பேசியை எடுத்து, முதல் வெறும் பக்கத்தைத் திறந்தாள்.

"சொல்லுங்க பெரியம்மா."